சின்னம்மை போய் அறுபது வருஷம் கழித்து அக்கி: அதுவரை வைரஸ் யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி?

கல்லுக்கட்டி_வடக்கு:
அப்பத்தாவுக்கு அக்கி வந்திருக்கிறது. முதுகில் தொடங்கி தொப்புள் வரைக்கும் இடது பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. வேளாரைக் கூப்பிட்டுக் காவி எழுதியும் ஆயிற்று, டாக்டரிடம் காட்டி அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து வாங்கியும் ஆயிற்று, இப்போது காய்ந்து வருகிறது, அதனால் வைத்தியம் சொல்ல யாரும் சிரமப்பட வேண்டாம். என் கேள்வி வேறு. இது புதிதாகத் தொற்றியது இல்லை, சின்ன வயதில் வந்த சின்னம்மையின் அதே வைரஸ், முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சில் இத்தனை காலமும் இருந்திருக்கிறது என்கிறார் டாக்டர். அறுபது வருஷத்துக்கு மேல் உடம்பின் நோய் எதிர்ப்பு என்ன செய்துகொண்டிருந்தது? தேடிப் பார்த்தால் வைரஸ்கள் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. வைத்து ஏமாற்றுகின்றன என்று வருகிறது, அதற்கு மேல் படித்தால் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் நம்ம ஊர்த் தமிழில் சொல்லுங்கள்.

ஆ_தெக்கூர்க்காரன்:
எனக்கும் இதே கேள்வி உண்டு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோட்டையூர்_ஆய்வு:
அண்ணே, நான் இதற்குப் பக்கத்துத் துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் நம் டி செல்கள் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் துண்டுகளைத் தடவிப் பார்த்துத்தான் டி செல் முடிவு செய்கிறது. வேற்றுப் புரதத்தின் துண்டு கிடைத்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். அதனால் புரதம் செய்கிற வைரஸ் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். புரதம் செய்யாமல் ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை, நான்கு வகை வேதி எழுத்துகளைக் கோத்தது) மட்டும் செய்கிற வைரஸுக்கு நீட்டிக்காட்ட எதுவும் இல்லை. இந்த இழையில் இனி வரப்போகும் கதைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது, மைக்ரோ ஆர்.என்.ஏ. அது ஆர்.என்.ஏ.வில் குட்டி வகை, ஏறக்குறைய 22 எழுத்து நீளம். 1993இல் விக்டர் ஆம்ப்ராஸும் கேரி ருவ்கனும் ஒரு குட்டிப் புழுவில் கண்டுபிடித்தது, அதற்கு 2024இல்தான் நோபல் கொடுத்தார்கள். நம் செல்கள் எல்லாமே இதைச் செய்கின்றன. முதலில் கொண்டை ஊசி வடிவில் மடிந்த ஒரு ஆர்.என்.ஏ. வரும், அதை உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி வெட்டும், வெளியே கொண்டு வந்தபின் டைசர் இன்னொரு தடவை வெட்டும், கடைசியில் மிஞ்சும் 22 எழுத்து இழை ஆர்கனாட் என்ற புரதத்துக்குள் உட்காரும். அதன் 2ஆவது எழுத்திலிருந்து 8ஆவது எழுத்து வரைக்கும் எந்தத் தூது ஆர்.என்.ஏ.வோடு (புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுபோகும் இழை) பொருந்துகிறதோ அந்தத் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் வருவது குறைந்துவிடும். அவ்வளவுதான் வேலை. வைரஸ் இதே வெட்டுப் பட்டறையை ஓசியில் பயன்படுத்திக்கொள்ளும் என்பது 2004இல் எப்ஸ்டைன்-பார் என்ற, அக்கி வைரஸின் குடும்பத்து வைரஸில் தெரிந்தது, தாமஸ் டுஷல் ஆய்வகத்து வேலை. அந்த ஒரு வைரஸில் மட்டும் இன்று 40க்கு மேல் மைக்ரோ ஆர்.என்.ஏ. கணக்கில் இருக்கின்றன.

இப்போது நரம்பு முடிச்சுக்கு வருவோம். அக்கி வைரஸும் உதட்டோரத்தில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸும் பங்காளிகள். மைக்ரோ ஆர்.என்.ஏ. சாட்சி கெட்டியாக இருப்பது உதட்டோரத்துப் பங்காளியிடம். அது நரம்பு செல்லில் தூங்கும்போது 70க்கு மேற்பட்ட மரபணுக்களையும் மூடி வைத்துவிட்டு லாட் என்ற ஒரே ஒரு நீள ஆர்.என்.ஏ.வை மட்டும் ஏராளமாகச் செய்யும், அதிலிருந்து புரதம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. 2008இல் பார்த்தால் அந்த லாட் பக்கத்திலிருந்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் வருகின்றன, அவற்றில் எச்2 என்பது வைரஸின் சொந்த ஐ.சி.பி.0 புரதத்தைக் குறைக்கிறது, எச்6 ஐ.சி.பி.4ஐக் குறைக்கிறது. இந்த இரண்டும்தான் வைரஸை எழுப்பிவிடும் புரதங்கள். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு படுத்திருக்கிறது. அக்கி வைரஸிலும் தூக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது வி.எல்.டி. என்ற ஒரு ஆர்.என்.ஏ., 2018இல் வந்த செய்தி, அது ஐ.சி.பி.0க்குச் சமமான மரபணுவின் எதிர்த்திசையில் எழுதப்படுகிறது.

செக்காலை_ரிட்டயர்டு:
நான் உயிரியல்காரன் இல்லை, காலமெல்லாம் மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்முனையோடு மல்லுக்கட்டியவன், அதனால் எண் இல்லாமல் எதையும் நம்புவதில்லை. தங்கச்சி சொன்னது சுவையாக இருக்கிறது, ஆனால் 7 எழுத்துப் பொருத்தம் என்றால் அது தற்செயலாகவே ஆயிரக்கணக்கான இடத்தில் பொருந்துமே. நான்கு எழுத்து மொழியில் 7 எழுத்துச் சொல், 4ஐ ஏழு தடவை பெருக்கினால் 16,384. அத்தனை எழுத்துக்கு ஒரு தடவை சும்மாவே வரும். அப்புறம் எதைக் குறி வைக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கணினியில் தேடி, கிடைத்ததில் நோய் எதிர்ப்புப் பெயர் வந்ததை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதுகிறார்களோ என்று சந்தேகம்.

கோட்டையூர்_ஆய்வு:
ஐயா, அந்தச் சந்தேகம் துறைக்குள்ளேயே உண்டு. கணினி காட்டுவதில் நிறையப் பதர். அதனால்தான் எனக்குப் பிடித்த சாட்சியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம் செல் வருத்தத்தில் இருந்தால், அதாவது தொற்றோ புற்றோ இருந்தால், எம்.ஐ.சி.பி. என்ற புரதத்தை வெளியே நீட்டும். அதைப் பார்த்தால் என்.கே. செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல் வந்து கொன்றுவிடும். டி செல்லை ஏமாற்றினாலும் இவரை ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் இவர் வைரஸைத் தேடவில்லை, செல்லின் வருத்தத்தைத் தேடுகிறார். 2007இல் ஜெருசலேமில் ஓஃபர் மண்டல்பாயிம் குழு காட்டியது, ஹெர்பிஸ் குடும்பத்து மனித சைட்டோமெகலோ வைரஸின் யூ.எல்.112-1 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இந்த எம்.ஐ.சி.பி.யைக் குறைக்கிறது, வைரஸில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மட்டும் எடுத்துவிட்டால் என்.கே. செல்கள் அந்தத் தொற்றுள்ள செல்களை அதிகமாகக் கொல்கின்றன. சரி, ஒரு வைரஸ்தானே, தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் 2009இல் அதே குழு எப்ஸ்டைன்-பாரிலும் கபோசி சார்கோமா ஹெர்பிஸிலும் தேடியது. அவற்றின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எழுத்து வரிசையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, பொருந்தும் இடமும் வேறு வேறு, ஆனால் மூன்றும் வந்து விழுவது எம்.ஐ.சி.பி. மேல். மூன்று வைரஸ் தனித்தனி வழியில் வந்து ஒரே ஆளைப் பிடித்து அமுக்கினால் அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செக்காலை_ரிட்டயர்டு:
இது பரவாயில்லை, ஒத்துக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனாலும் எல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். முழு உயிரில், ஆர்.என்.ஏ.வை மாற்றினால் நோய் மாறுகிறது என்று யாராவது காட்டினார்களா? அதைக் காட்டாதவரை இது அழகான ஊகம்.

பள்ளத்தூர்_பண்ணை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். மேரெக்ஸ் என்று ஒரு நோய், அதுவும் ஹெர்பிஸ் வகைதான் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக நீட்டிப் படுத்துவிடும், சிலதுக்குக் கண்மணி சாம்பல் நிறமாகி ஓரம் பிசிறடிக்கும், செத்ததை அறுத்தால் ஈரலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. குஞ்சு பொரித்த அன்றே ஊசி போட்டதுதான் வாங்குகிறேன், ஆனால் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் அதெல்லாம் போடுவதில்லை, அங்கே வந்தால் இறக்கைத் தூசியிலேயே பரவிவிடும். இதிலும் உங்கள் சின்ன ஆர்.என்.ஏ. உண்டா?

கோட்டையூர்_ஆய்வு:
அண்ணே, நீங்கள் வந்தது நல்லதாயிற்று, ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் பண்ணையில்தான் இருக்கிறது.

நம் உடம்பிலும் கோழி உடம்பிலும் மிர்-155 என்று ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டு. நோய் எதிர்ப்பு செல்கள் பெருகுவதையும் முதிர்வதையும் ஆட்டிவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு, அளவு மீறினால் அந்தச் செல்களே புற்றாகும். மேரெக்ஸ் வைரஸ் அதே போல ஒன்றைத் தானே செய்துவைத்திருக்கிறது, பெயர் எம்4. பொருந்தும் அந்த முனை எழுத்துகள் கோழியின் மிர்-155 போலவே இருக்கும். கபோசி ஹெர்பிஸிலும் கே12-11 என்று இதே வேஷம் போடுகிற ஒன்று இருக்கிறது, இரண்டு வைரஸும் தனித்தனியாக இதே தந்திரத்துக்கு வந்திருக்கின்றன.

2011இல் பிரிட்டனில் செய்த சோதனை: மேரெக்ஸ் வைரஸில் எம்4ஐ எடுத்துவிட்டார்கள். இன்னொரு வைரஸில் எடுக்கக்கூட இல்லை, அந்த முனையில் 2 எழுத்தை மட்டும் மாற்றினார்கள். இரண்டையும் கோழிக்குக் கொடுத்தால் வைரஸ் பெருகுகிறது, ஆனால் கட்டி வரவில்லை. அப்புறம் எம்4 இருந்த இடத்தில் கோழியின் சொந்த மிர்-155ஐ வைத்துக் கொடுத்தால் கட்டி திரும்ப வருகிறது. அந்த வைரஸின் மரபுத் தொகுதியில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் எழுத்து, அதில் 2 எழுத்து. செக்காலை ஐயா, முழு உயிரில் கேட்டீர்கள், இதோ முழுக் கோழி.

செக்காலை_ரிட்டயர்டு:
திரும்ப வைத்துப் பார்த்தது ரொம்பச் சரியான வேலை. எடுத்தால் போகிறது என்று மட்டும் சொன்னால் ஆயிரம் காரணம் இருக்கும், வைத்தால் வருகிறது என்றும் காட்டினால் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கவனியுங்கள், இது காட்டுவது புற்றைத்தான், எதிர்ப்பிலிருந்து தப்பித்ததை இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கோட்டையூர்_ஆய்வு:
சரிதான் ஐயா, அதைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். தப்பிப்பதற்கு எஸ்.வி.40 குரங்கு வைரஸ் இருக்கிறது: தன் டி ஆன்டிஜென் புரதத்தைத் தன் மைக்ரோ ஆர்.என்.ஏ.வாலேயே வெட்டிக் குறைத்துக்கொள்ளும், அப்படிக் குறைத்தால் கொல்லும் டி செல்கள் அந்தச் செல்லை அவ்வளவாகத் தொடுவதில்லை, 2005இல் காட்டியது. ஆனால் அது தட்டில்தான், நீங்கள் கேட்ட முழு உயிர் இல்லை.

கல்லுக்கட்டி_வடக்கு:
தங்கச்சி, ஒரு சந்தேகம். வைரஸ் தூங்கும்போது ஒன்றுமே செய்வதில்லை என்றால் அசைக்ளோவிர் எதைக் கொல்கிறது? ஒரேயடியாக அந்த நரம்பு முடிச்சிலிருந்து துடைத்துவிட மருந்து கிடையாதா?

தேவகோட்டை_லேப்:
இதற்கு நான் சொல்கிறேன், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அசைக்ளோவிர் தூங்குகிற வைரஸை ஒன்றும் செய்யாது. அந்த மருந்தை வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதிதான் முதலில் தொட்டு மாற்ற வேண்டும், அப்புறம்தான் அது வைரஸின் மரபிழை நகல் எடுப்பதை நிறுத்தும். தூங்குகிற வைரஸில் அந்த நொதியும் இல்லை, நகலும் இல்லை. அதனால்தான் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கு என்று அவசரப்படுத்துகிறார்கள், பெருகும்போது அடித்தால்தான் அடி. ஐம்பது வயதுக்கு மேல் போடுகிற அக்கித் தடுப்பூசியும் உள்ளே இருப்பதைத் துடைக்காது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஜி.ஈ. என்ற ஒரே ஒரு புரதத்தைக் காட்டி டி செல்களை உசுப்பிவைக்கும், 2 ஊசி, இடையில் 2 முதல் 6 மாதம். வயதானால் வருவதற்குக் காரணமும் அதுதான், வைரஸ் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, இந்தப் பக்கத்து டி செல்கள் தளர்ந்துவிட்டன. வலி தங்கிவிட்டால் மாதக்கணக்கில் பாடாய்ப் படுத்தும், எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களில் அக்கியை விட அந்த வலியைப் பற்றித்தான் அழுகிறார்கள்.

ஆ_தெக்கூர்க்காரன்:
மெட்ராஸ் ஐ வந்தால் ஊரே சிவப்புக் கண்ணோடு திரிகிறதே, அந்த வைரஸும் இப்படி ஏதாவது வைத்திருக்கிறதா?

கோட்டையூர்_ஆய்வு:
அது பெரும்பாலும் அடினோவைரஸ், அதனிடம் வேறு ரகம். அது அக்கி வைரஸ் போல நரம்பில் ஒளிந்து கிடப்பதில்லை, கண்ணில் வெளிப்படையாக வந்து அடிக்கிற ஆள். வி.ஏ. ஆர்.என்.ஏ. என்று ஏறக்குறைய 160 எழுத்தில் ஒன்றைச் செய்யும், ஒரு செல்லுக்குள் 10 கோடிப் பிரதி வரை. செல்லுக்குள் பி.கே.ஆர். என்று ஒரு காவல் புரதம் உண்டு, இரட்டை இழை ஆர்.என்.ஏ. தட்டுப்பட்டால் இரண்டு பி.கே.ஆர். சேர்ந்து கிளம்பிப் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும், செல் பட்டினி கிடந்தாவது வைரஸைப் பெருகவிடாது. வி.ஏ. ஆர்.என்.ஏ. ஒவ்வொரு பி.கே.ஆரையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும், சேரவிடாது. போதாததற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் எக்ஸ்போர்ட்டின்-5இலும், டைசரிலும் இதுவே போய் அடைத்துக்கொள்ளும். எப்ஸ்டைன்-பாரும் ஈபர் என்று இதே மாதிரி இரண்டு வைத்திருக்கிறது, ஒரு செல்லுக்குள் 10 லட்சம் பிரதி, ஆனால் அவை வெளியே கசிந்தால் டி.எல்.ஆர்.3 என்ற உணரி கண்டுபிடித்துவிடும். ஆர்.என்.ஏ.வே முழுக்கக் கண்ணில் படாது என்று நினைக்காதீர்கள். 22 எழுத்துக்குள் இருப்பதும், நம் நொதிகளே வெட்டிக் கொடுத்ததும்தான் சத்தமில்லாமல் இருக்கும்.

சிங்கப்பூர்_கானாடுகாத்தான்:
இங்கே டெங்கு பற்றி ஒரு வார்த்தை. ஊரில் எங்கள் வீடு வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டித்தான் கிடக்கிறது, மழைக்கு வளவு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, கல்தொட்டியில் நிற்கிறது, யாராவது போய்க் கவிழ்த்தால் உண்டு. இப்படி நம் பக்கம் எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். ஏடிஸ் கொசுவுக்கு ஊருணித் தண்ணீரை விட இந்த மாதிரி சுத்தமான தேங்கல்தான் பிடிக்கும், முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். டெங்கு வைரஸே ஆர்.என்.ஏ.தான், 10,700 எழுத்து. நம் செல்லில் எக்ஸ்.ஆர்.என்.1 என்று ஒரு நொதி, வேண்டாத ஆர்.என்.ஏ.வை முன்முனையிலிருந்து மென்றுகொண்டே போகும். டெங்கு ஆர்.என்.ஏ.வையும் அப்படித்தான் மெல்லும், கரும்பைக் கடித்துக்கொண்டே வந்து கணுவில் பல் மாட்டுகிற மாதிரி கடைசிப் பகுதியில் ஒரு முடிச்சில் வந்து நின்றுவிடும். அந்த முடிச்சு ஆர்.என்.ஏ. தன்னையே வளையமாகச் சுற்றிக்கொண்டு நிற்கிற வடிவம், 2014இல் ஜெஃப்ரி கீஃப்ட் குழு இதே குடும்பத்து இன்னொரு வைரஸில் படம் எடுத்துக் காட்டினார்கள். மிச்சம் நிற்கும் சில நூறு எழுத்துத் துண்டு செல்லுக்குள் குவிகிறது, அதுதான் ஆயுதம். நம்மை நாமே காப்பாற்ற வைத்திருக்கும் நொதி, எதிரிக்கு ஆயுதம் சீவிக் கொடுக்கிறது. 2015இல் இங்கே டியூக்-என்.யு.எஸ். ஆட்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: 1994இல் போர்ட்டோரிக்கோவில் பெரிய டெங்கு அலை வந்தது, பழைய ரகத்தைத் தள்ளிவிட்டுப் புது ரகம் பிடித்துக்கொண்டது, அந்தப் புது ரகம் இந்தத் துண்டை அதிகம் செய்கிறது, அது ட்ரிம்25 என்ற நம் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வைரஸ் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ரிக்-ஐ உணரி விழிப்பதில்லை, பக்கத்து செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் புரதம் குறைந்துபோகிறது. கொசுவின் எச்சில் சுரப்பியில்கூட இந்தத் துண்டு இருக்கிறது, அங்கே கொசுவின் எதிர்ப்பையும் அமுக்குகிறது. கடிக்கும்போது எச்சிலோடு நமக்கும் வருகிறது.

செக்காலை_ரிட்டயர்டு:
சில நூறு எழுத்தைச் 'சின்ன' ஆர்.என்.ஏ. என்று இந்த இழையில் சேர்க்கலாமா என்பது ஒரு பக்கம். எனக்கு உறைத்தது வேறு. ஹெர்பிஸ்காரர்கள் 22 எழுத்தை வைத்து வருஷக்கணக்கில் சத்தம் போடாமல் கிடக்கிறார்கள், டெங்குவோ ஒரு வாரத்தில் வந்து போய்விடுகிறது. அவசரக்காரனுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. எதற்கு?

கோட்டையூர்_ஆய்வு:
அதேதான் ஐயா, நீங்கள் உயிரியல்காரர் இல்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரு புரதத்தை முழுதாக நிறுத்தாது, கொஞ்சம் குறைக்கும், அதுவும் ஏற்கனவே இருக்கும் புரதம் சிதைந்து தீரும்வரை பொறுக்க வேண்டும். ஆற அமர இருக்கிறவனுக்குத்தான் அது தோது. இன்னொரு காரணமும் உண்டு, ஆர்.என்.ஏ. வைரஸ் தன் மரபுத் தொகுதிக்குள்ளேயே கொண்டை ஊசியை வைத்தால் ட்ரோஷா மாதிரி நொதி அதன் உடம்பையே வெட்டிவிடும், அதோடு பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்கள் ட்ரோஷா இருக்கும் உட்கருவுக்குள் போவதே இல்லை. மாட்டு லுகீமியா வைரஸ் விதிவிலக்கு, ஆர்.என்.ஏ. ரெட்ரோவைரஸ்தான், ஆனால் ட்ரோஷா பக்கமே போகாமல் வேறு வழியில் செய்துகொள்கிறது, 2012இல் வந்தது. அதுவும் வருஷக்கணக்கில் மாட்டுக்குள் கிடக்கிற ஆள்தான், உங்கள் கணக்கு அங்கேயும் தவறவில்லை.

நலம்_தரும்_மூலிகை:
அக்கி, டெங்கு, மெட்ராஸ் ஐ எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம், விவரத்துக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.

தேவகோட்டை_லேப்:
அண்ணே, இங்கே கடை விரிக்காதீர்கள். காய்ச்சல் விட்ட நாளில்தான் டெங்குவில் ரத்தத் தட்டணு இறங்கும், கஷாயம் குடித்தேன் காய்ச்சல் போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிட்டு மயங்கிய பிறகு கொண்டுவருகிறார்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் ஆஸ்பத்திரிதான்.

கோட்டையூர்_ஆய்வு:
டெங்கு பேச்சில் ஒன்று விட்டுப்போயிற்று. வைரஸ் தானாக எதையும் செய்யாமல் நம் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. ஈரல் செல்லில் மிர்-122 ஏராளம், ஹெபடைடிஸ் சி வைரஸ் தன் முன்முனையில் இரண்டு இடத்தில் அதை உட்கார வைத்துக்கொள்ளும், மற்ற எந்தத் தூது ஆர்.என்.ஏ.வுக்கும் அது கெடுதல், இதற்கு மட்டும் கவசம், அந்த மெல்லும் நொதி எக்ஸ்.ஆர்.என்.1 அதைத் தொடமுடியாது. மிராவிர்சன் என்ற மருந்து மிர்-122ஐக் கட்டிப்போட்டுப் பார்த்தது, 2013இல் சோதனையில் வைரஸ் இறங்கியது, ஆனால் அதே காலத்தில் நேராக வைரஸை அடிக்கும் மாத்திரைகள் வந்துவிட்டதால் அந்தப் பாதை அப்படியே நின்றது.

இதைவிட வினோதம் அமெரிக்காவில் குதிரைக்கும் மனிதருக்கும் வரும் கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ். எதிர்ப்பு செல்களில் ஏராளமாக இருக்கும் மிர்-142 ஒட்டுகிற இடங்களை இந்த வைரஸ் தன் வால் பகுதியில் வைத்திருக்கிறது. அதனால் எதிர்ப்பு செல்லுக்குள் போனால் பெருகமுடியாமல் அமுங்கிவிடும். முட்டாள்தனம் மாதிரி இருக்கிறதா? எதிர்ப்பு செல்லில் பெருகினால்தான் இன்டர்ஃபெரான் அபாய அறிவிப்பு போகும். அங்கே பெருகாததால் அறிவிப்பே இல்லை, அது பாட்டுக்கு மூளைக்குப் போய்விடும். 2014இல் அந்த இடங்களை எடுத்துவிட்ட வைரஸை எலிக்குக் கொடுத்தார்கள், எதிர்ப்பு செல்லில் நன்றாகப் பெருகிற்று, இன்டர்ஃபெரான் கிளம்பிற்று, நோயின் கடுமை குறைந்தது. கல்லுக்கட்டி அண்ணே, எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான். எதிர்ப்பை வெல்வதற்கு வைரஸ் பலசாலியாக வேண்டியதில்லை, சரியான இடத்தில் பெருகாமல் இருந்தால் போதும்.

சாக்கோட்டை_உளுந்து:
எல்லாம் படித்தேன், பாதிதான் விளங்கியது. என் பங்குக்கு ஒரு கேள்வி. உளுந்தில் மஞ்சள் தேமல், வெள்ளை ஈ கொண்டுவருகிறது, வைரஸ்தான் என்று வேளாண் ஆபீசில் சொல்கிறார்கள். கொழுந்து இலையில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் விழும், அடுத்த இலை பாதி மஞ்சள், அதற்கடுத்தது முழுக்க, காய் பிடித்தாலும் சின்னதாக வளைந்து மஞ்சளாகவே நிற்கும். செடிக்கு டி செல்லும் கிடையாது, என்.கே. செல்லும் கிடையாது. அதனிடமிருந்து வைரஸ் எதற்குத் தப்பிக்க வேண்டும்?

கோட்டையூர்_ஆய்வு:
ஐயா, செடியின் முக்கியமான வைரஸ் எதிர்ப்புகளில் ஒன்றே சின்ன ஆர்.என்.ஏ.தான். வைரஸின் ஆர்.என்.ஏ.வை டைசர் 21, 22, 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும், அந்தத் துண்டையே அடையாளமாக வைத்துக்கொண்டு அதே வரிசை உள்ள மற்ற ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கும். அதனால் செடி வைரஸ்கள் இதற்கு எதிராகப் புரதம் வைத்திருக்கின்றன, உங்கள் மஞ்சள் தேமல் வைரஸில் அதன் பெயர் ஏ.சி.2. இந்த வேலையில் நம் பக்கத்து ஆட்கள் பேர் வாங்கியிருக்கிறார்கள், மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் பாசல் ஆட்களும் சேர்ந்து 2003இல் செய்தது: மஞ்சள் தேமல் பிடித்த உளுந்துச் செடிக்குள் அதே வைரஸின் ஒரு பகுதியை இரட்டை இழை ஆர்.என்.ஏ.வாகச் செய்யும் துண்டைத் துகளில் தடவிச் செலுத்தினார்கள், செடி தேறியது. மஞ்சள் தேமல் வைரஸ் டி.என்.ஏ. வகை, அதையும் இப்படி அடக்கலாம் என்று காட்டியது பெரிய விஷயம்.

மஞ்சள் நிறத்துக்கு ஒரு கதை, ஆனால் இது உளுந்தில் இல்லை, புகையிலையில். வெள்ளரித் தேமல் வைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒய் என்ற துணை ஆர்.என்.ஏ. புரதம் எதுவும் செய்யாது. செடி அதை நறுக்கும்போது வருகிற ஒரு 22 எழுத்துத் துண்டு, பச்சையம் செய்ய வேண்டிய மரபணுவோடு பொருந்திவிடுகிறது, செடியே தன் பச்சையத்தை அழித்துப் பளீர் மஞ்சளாகிறது. 2011இல் இரண்டு குழு தனித்தனியாகச் சொன்னது. மஞ்சள் இலைக்கு அசுவினி அதிகம் வரும், வைரஸை அடுத்த செடிக்குக் கொண்டுபோவதும் அசுவினிதான்.

சாக்கோட்டை_உளுந்து:
அது சரி, வெள்ளை ஈக்கும் மஞ்சள்தான் பிடிக்கும், அதனால்தானே விளக்கெண்ணெய் தடவி மஞ்சள் அட்டை கட்டுகிறோம். அப்படியானால் மருந்து அடிப்பது எதற்கு, வைரஸுக்கா ஈக்கா? கடைக்காரர் வைரஸ் மருந்து என்று ஒரு பாட்டிலை நீட்டுகிறார்.

பள்ளத்தூர்_பண்ணை:
எங்களுக்கும் அப்படித்தான் நீட்டுவார்கள்.

கோட்டையூர்_ஆய்வு:
ஈக்குத்தான் ஐயா. செடிக்குள் போய்விட்ட வைரஸுக்குக் கடையில் மருந்து கிடையாது, அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். முதல் மஞ்சள் இலை கண்ட செடியை அன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், வரப்போரத்தில் சோளம் இரண்டு வரிசை போடுங்கள். அடுத்த போகத்துக்கு விதையை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்து ரகமாகப் பார்த்து வாங்குங்கள், வம்பன் 8 மஞ்சள் தேமலைத் தாங்கும். புதுக்கோட்டை பஸ்ஸில் போய் ஆலங்குடி வழியாகப் போகலாம், போவதற்கு முன் விதை இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.